முதல் குழந்தைக்கு என்னென்ன வாங்கலாம், எதை வாங்கவே வேண்டாம்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு பதிலுக்கு வருகிறேன். மனைவிக்கு ஏழாம் மாதம். பிரசவம் திருநெல்வேலியில் அவருடைய அம்மா வீட்டில். மூன்று மாதம் கழித்துத்தான் சென்னைக்கு வருவார்கள். கையில் 25 ஆயிரம் ரூபாய் இருக்கிறது, கார் இருக்கிறது, கடையில் கொடுத்த பட்டியலில் அறுபதுக்கு மேல் பொருட்கள் இருக்கின்றன, இதில் எது உண்மையிலேயே தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடமாகப் பச்சிளங்குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன், எனக்கும் இரண்டு பிள்ளைகள். தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒன்று. பிறந்த குழந்தைக்குப் பால், சூடு, சுத்தம், தூக்கம், இவ்வளவுதான் வேண்டும். அதற்கான பொருட்கள் ஒரு பெரிய பைக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த நாலையும் இரவும் பகலும் கொடுக்கப்போகிற அம்மாவுக்கு வேண்டியதுதான் அதிகம், கடைப் பட்டியலில் அது ஒன்றுகூட இருக்காது. அதனால் எதை வாங்கப் போனாலும் இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: எளிதாகக் கழுவ முடியுமா, ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆளுக்கு இது வேலையைக் குறைக்குமா. இரண்டுக்கும் இல்லை என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எவ்வளவு குறைவாகப் போதும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 2015 இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாய்மாருக்கு ஒரு குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதில் 16 பொருட்கள்: குழந்தைக்குத் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்பு டப்பா, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை. அம்மாவுக்குக் குளிக்க சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்ய சுண்டி லேகியம். எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு பை. மொத்த மதிப்பு 1000 ரூபாய் என்று அப்போது சொன்னார்கள். பால் புட்டியும் பவுடர் டப்பாவும் அதில் இல்லை என்பதையும், அம்மாவின் கை கழுவத் தனியாக ஒரு பொருள் இருந்தது என்பதையும் கவனியுங்கள். அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. இதன் மேல் கொஞ்சம் சேர்த்தால் உங்கள் முதல் மூன்று மாதம் முடிந்தது.

பிறப்பதற்கு முன்னால் எதுவும் வாங்கக் கூடாது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லலாம். அதோடு சண்டை போட வேண்டாம். பழைய வேட்டி, பழைய பருத்திச் சேலை இதை மட்டும் துவைத்து வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தால் போதும். முதலில் பழைய துணியில்தான் குழந்தையை வாங்க வேண்டும் என்ற நம் வழக்கம் நல்ல வழக்கம், பல முறை துவைத்த பருத்தி அளவுக்கு மென்மையான புதுத்துணி கிடையாது. எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டடிச் சதுரமாகக் கிழித்தால் ஒரு டஜன் துணி கிடைக்கும். இரண்டு வேட்டியைக் கிழித்தால் இடுப்புத் துணி, துடைக்கிற துணி, ஏப்பம் எடுக்கும்போது தோளில் போட்டுக்கொள்கிற துணி எல்லாம் ஆயிற்று. புதிதாக வாங்குகிற உடைகளையும் ஒரு தடவை அலசிப் போட்டுத்தான் உடுத்த வேண்டும்.

துணியா, டயப்பரா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டும், நேரம் பார்த்து. முதல் வாரம் பகலில் துணிதான் நல்லது, காரணம் குழந்தை எத்தனை தடவை ஒன்றுக்குப் போனது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை, அப்படியே ஏறி ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் போனால் பால் போதுமான அளவு போகிறது என்று அர்த்தம். பால் பத்தவில்லையோ என்று வீடே சேர்ந்து அம்மாவைப் பயமுறுத்துகிற நாட்கள் அவை. நனைந்த துணியை எண்ணிக் காட்டினால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். இரவில் டயப்பர் போடுங்கள், அம்மா தூங்குவது முக்கியம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டவே வேண்டாம். தொப்புள்கொடி விழுகிறவரைக்கும் பக்கவாட்டில் ஒட்டுகிற வகை வாங்குங்கள், ஜட்டி மாதிரி மாட்டுகிற வகை வேண்டாம். முன் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடலாம், கொடி காற்றாடக் காயும். கொடியின் மேல் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதையும் வைக்கக் கூடாது. பிறந்த குழந்தை அளவில் ஒரு பாக்கெட்டுக்கு மேல் வாங்காதீர்கள், பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றிரண்டு மாதத்திலேயே அடுத்த அளவுக்குப் போய்விடும். தள்ளுபடி போட்டிருக்கிறான் என்று மூட்டையாக வாங்கிய டயப்பர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

துடைப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும், ஈரத்துணிப் பாக்கெட் வெளியே போகும்போது மட்டும். துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு ஒரு டியூப் இருக்கட்டும், இடுப்பு சிவந்தால் உடனே தடவலாம். முகப் பவுடர், உடம்புப் பவுடர் வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போய் நுரையீரலைக் கெடுக்கும். கண் மையும் வேண்டாம், அதில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பிருக்கிறது. திருஷ்டிக்கு என்று ஆச்சி கேட்டால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைக்கட்டும், கண்ணிலும் கைவிரலிலும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடையில் ஜப்லா என்று கடையில் சொல்வார்கள், முன்பக்கம் திறந்து முடிச்சுப் போடுவது, அதில் ஆறேழு போதும். தலை வழியாக மாட்டுகிறதைக் கழுத்து நிற்கிறவரைக்கும் தவிர்த்துவிடுங்கள். கையுறை, காலுறை வாங்கினால் கட்டாயம் ஒரு வேலை செய்யுங்கள்: ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே திருப்பி, தொங்குகிற நூலை எல்லாம் கத்தரித்துவிடுங்கள். உள்ளே தொங்குகிற ஒற்றை நூலோ அம்மாவின் உதிர்ந்த முடியோ குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொண்டு இறுகிவிடும், விரல் வீங்கிச் சிவந்து ரத்த ஓட்டமே நின்றுபோகிற அளவுக்குப் போகும். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால் காலுறையைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லி வார்டில் எல்லா அம்மாக்களிடமும் சொல்லி அனுப்புவோம்.

சரி, பால் விஷயத்துக்கு வருவோம். தாய்ப்பால் கொடுக்கிற அம்மாவுக்கு முதல் மாதத்தில் எந்தக் கருவியும் தேவையில்லை, முதுகு சாய்ந்து உட்கார ஒரு நல்ல நாற்காலியும், மடியில் வைக்க வீட்டில் இருக்கிற ஒரு தலையணையும், காலை வைக்க ஒரு மணையும் போதும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் குனிந்தே உட்கார்ந்தால் முதுகும் கழுத்தும் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். குழந்தையைத்தான் மார்புக்கு உயர்த்த வேண்டும், மார்பைக் குழந்தைக்குக் குனிக்கக் கூடாது.

ஆனால் பாலாடை ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ஐந்து முதல் பத்து மி.லி. பிடிக்கும், ஒரு பக்கம் மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம், எவர்சில்வரில் சில நூறு ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும், வெள்ளிதான் வேண்டும் என்று இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு எங்கள் வார்டில் பீய்ச்சிய தாய்ப்பாலை இதில்தான் கொடுக்கிறோம். புட்டியின் ரப்பர் காம்பில் சின்னச் சின்ன இடுக்கு இருக்கும், பால் தங்கும், கிருமி வளரும். பாலாடையில் ஒளிய இடமே இல்லை, தேய்த்துக் கொதிக்கவைத்தால் முடிந்தது. பழைய சங்கு இருக்கிறது என்று கொடுப்பார்கள், அது வேண்டாம், உள்வளைவைக் கழுவ முடியாது. பாலாடையிலும் கொடுக்கிற விதம் முக்கியம். குழந்தை விழித்திருக்க வேண்டும். தலையும் முதுகும் நிமிர்ந்து கையில் சாய்ந்திருக்க வேண்டும். பாலாடையின் மூக்கு நுனியைக் குழந்தையின் கீழ் உதட்டின் ஓரத்தில் வைத்து இரண்டு மூன்று சொட்டு விட்டு, விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொட்டு. படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, மளமளவென்று ஊற்றுவது சில வீடுகளில் இன்னும் நடக்கிறது. பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

பால் புட்டிக்கும் பால் பவுடருக்கும் நம் நாட்டில் விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992 இல் சட்டம் போட்டிருக்கிறார்கள், 2003 இல் அதை இன்னும் இறுக்கினார்கள். மாதிரிப் பாக்கெட், பரிசு எதுவும் கொடுக்கக் கூடாது. அப்படி இருக்க உங்கள் கடைப் பட்டியலில் ஆறு புட்டி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மருத்துவக் காரணத்தால் புட்டி வேண்டியிருந்தால் அப்போது இரண்டு வாங்கிக்கொள்ளலாம், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, வாய் அகலமானதாக, பிரஷ் உள்ளே போகிற மாதிரி. பவுடர் கரைக்க வேண்டி வந்தால், கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்கு முன்னால் பவுடரைப் போட்டுக் கரைத்து, பிறகு குழந்தை குடிக்கிற சூட்டுக்கு ஆறவைக்க வேண்டும். பவுடர் டப்பா கிருமி நீக்கியது கிடையாது, அந்தச் சூடுதான் அதில் இருக்கிற கிருமியைக் கொல்லும்.

பால் பீய்ச்சும் பம்ப்பை இப்போது வாங்காதீர்கள். உங்கள் மனைவி தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்றீர்கள், மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதனால் பம்ப் அவருக்கு வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால்தான் தேவைப்படும். அதற்கு முன்னால் மார்பு கட்டிக்கொண்டால் கையால் பீய்ச்சுவதே நல்லது, பிரசவ வார்டில் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்காமல் பல இடத்தில் சொல்லித்தர மாட்டார்கள். வாங்குகிறபோது விலையை விட, மார்பில் பொருந்துகிற புனலின் அளவு சரியா என்று பாருங்கள். அது சரியில்லை என்றால் எவ்வளவு விலையுள்ள பம்ப்பிலும் வலிதான் வரும், பால் வராது. ஆபீசில் பீய்ச்சிய பால் ஃபிரிட்ஜின் உட்பக்கத்தில் நான்கு நாள் தாங்கும், ஃப்ரீசரில் ஆறு மாதம்வரை நன்றாக இருக்கும். வெளியே நான்கு மணி நேரம் என்று படித்திருப்பீர்கள், அது 25 டிகிரி அறைக்குச் சொன்னது. சென்னையின் மே மாதத்துக்கு அது பொருந்தாது, பீய்ச்சியதும் குளிரில் வைத்துவிடுங்கள். மறுபடி சூடாக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்க வேண்டும், மைக்ரோவேவ் கூடாது.

தூக்கம்தான் நான் அதிகம் கவலைப்படுகிற இடம். குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், கெட்டியான சமதளத்தில், தலையணை இல்லாமல், பக்கத்தில் பொம்மையோ உருளைத் தலையணையோ கனமான போர்வையோ இல்லாமல். திடீர் சிசு மரணத்தைத் தடுக்க 1992 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று சொன்னார்கள், அதன் பிறகு அங்கே அந்தச் சாவுகள் பாதிக்கு மேல் குறைந்தன. நம் வீடுகளில் தரையில் பாய் விரித்து அதன் மேல் நாலாக மடித்த பருத்தி ஜமுக்காளம் போட்டு அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் தனியாகக் கிடத்துவது இதற்குச் சரியாகப் பொருந்துகிறது, விழுந்துவிடும் என்ற பயமும் இல்லை. புது இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம், முகம் புதையும். கடையில் விற்கிற கொசுவலையோடு சேர்ந்த மெத்தை வாங்கினால் கூடவே வருகிற குட்டித் தலையணைகளை எடுத்துவிட்டு, மெத்தை கையால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் கெட்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வாங்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கக் குப்புறப் போட்டு விளையாட விடுவதும், தூங்கும்போது ஒரு நாள் வலப்பக்கமும் மறுநாள் இடப்பக்கமும் தலையைத் திருப்பி வைப்பதும் அந்த வேலையைச் செய்துவிடும்.

தூளி வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் சொன்னாலும் நெல்லையில் கட்டத்தான் போகிறார்கள், நானும் தூளியில் ஆடி வளர்ந்தவள்தான், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். தூளியில் குழந்தை வில்லாக வளைகிறது, தாடை மார்பில் இடித்தால் மூச்சுக்குழல் மடங்கும், முதல் மாதங்களில் தானாகத் தலையைத் தூக்கிச் சரிசெய்துகொள்ளக் கழுத்தில் பலம் இருக்காது. சேலை மூடிக்கொண்டால் முகமும் தெரியாது. அதனால் இரவுத் தூக்கத்துக்குத் தூளி கூடாது, யாரும் இல்லாத அறையில் கூடாது, குறைமாதக் குழந்தைக்கு அறவே கூடாது. பகலில் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுகிறார் என்றால், நைலான் சேலை இல்லாமல் பருத்திச் சேலையில், மேலே சேலையை விரித்துப் பிடிக்கிற கட்டையைப் போட்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள், கீழே மெத்தை விரித்துக் கட்டச் சொல்லுங்கள். கொக்கியில் ஒரு பெரிய ஆள் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைப் போட வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவில் இரண்டு விரல் போகிறதா என்று அடிக்கடி பாருங்கள். தூங்கியதும் எடுத்துத் தரையில் கிடத்திவிடுங்கள். குழந்தை புரள ஆரம்பித்ததும் தூளியை அவிழ்த்துவிட வேண்டும்.

இதே காரணத்துக்காகச் சாய்வுப் படுக்கை, ஆட்டுகிற சாய்வு நாற்காலி எல்லாம் விழித்திருக்கும்போது மட்டும்தான். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூக்கப் படுக்கைகளை அமெரிக்காவில் 2022 இல் சட்டம் போட்டே தடைசெய்துவிட்டார்கள், தொட்டிலைச் சுற்றிக் கட்டுகிற மெத்தென்ற தடுப்பையும் சேர்த்து. அதே சாமான்கள் நம் ஊர் இணையக் கடைகளில் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. மரத்தொட்டில் வாங்குவதாக இருந்தால் சென்னை வீட்டுக்கு வாங்குங்கள், கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, கடைக்கு ஒரு அளவு நாடா எடுத்துப் போங்கள். யாராவது பழைய தொட்டில் கொடுத்தாலும் இதே அளவுதான்.

கொசுவலை, குடை மாதிரி விரிகிற வகை, நெல்லைக்கு முதல் நாளே தேவை. கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். சாம்பிராணி வேண்டாம் என்று சொன்னால் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள், தெரியும், ஆனால் புகை புகைதான், ஒரு மாதக் குழந்தையின் நுரையீரலுக்கு அது சுமை. பூஜை அறையோடு நிற்கட்டும், தலைமுடியைத் துண்டால் ஒற்றினாலே காய்ந்துவிடும்.

குளிக்கவைக்கத் தொட்டி, வெப்பமானி என்று பட்டியலில் இருப்பதை எல்லாம் அடித்துவிடுங்கள். ஆச்சி கால் நீட்டி மணையில் உட்கார்ந்து குளிக்கவைப்பார் என்றால் அதைவிட நல்ல தொட்டி கிடையாது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர், கலந்துவிட்டு முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, மூக்கில் ஊதுவது மட்டும் வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வருகிற நிமோனியா எளிதில் ஆறாது. மூக்கடைத்தால் உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து மருந்துக்கடையில் கிடைக்கும், பால் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட்டால் இளகிவிடும்.

மருந்துப் பெட்டியில் முதலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். நெற்றிக்கு நேரே காட்டுகிற துப்பாக்கி வகை இவ்வளவு சின்னக் குழந்தைக்குத் துல்லியமாக இருக்காது, அக்குளில் வைக்கிற சாதாரணமானதே போதும். மூன்று மாதத்துக்குள் 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், நள்ளிரவானாலும் சரி. 97.7க்குக் கீழே இறங்கினாலும் ஆபத்துதான், குழந்தையை அம்மாவின் வெறும் மார்போடு சேர்த்து மூடிச் சூடாக்கியபடியே கிளம்புங்கள்.

அடுத்தது, நீங்களே கையில் எடுத்துப் படிக்க வேண்டிய ஒரு விஷயம். காய்ச்சல் மருந்தான பாராசிட்டமால் குழந்தைகளுக்கு இரண்டு வடிவில் வருகிறது. சொட்டு மருந்துப் புட்டியில் 1 மி.லி.க்கு 100 மி.கி. என்று போட்டிருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. என்று போட்டிருக்கும், அதாவது 1 மி.லி.க்கு ஏறக்குறைய 25 மி.கி. தான். சொட்டு மருந்து சிரப்பைவிட நான்கு மடங்கு காட்டம். டாக்டர் சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போகும். போதாததற்கு 5 மி.லி.க்கு 250 மி.கி. சிரப்பும் இருக்கிறது. சின்னது என்று பார்த்து மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடிக்கிற கடைசி ஆள் நீங்கள்தான். எழுதித்தரும்போது எந்தப் புட்டி, எத்தனை மி.லி. என்று கேட்டு, அந்தப் புட்டியின் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டுங்கள். வைட்டமின் டி சொட்டும் அப்படித்தான். ஒரு வயது வரைக்கும் நாளைக்கு 400 அலகு (புட்டியில் IU என்று போட்டிருக்கும்) கொடுக்கச் சொல்வார்கள், 1 மி.லி.க்கு 400 அலகு உள்ளதும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. இரண்டாவது என்றால் அரை மி.லி. தான். ஒரு புட்டியின் சொட்டுக்குழாயை இன்னொரு புட்டிக்கு மாற்றிப் போடாதீர்கள், கோடுகள் ஒன்றாக இருக்காது.

கிரைப் வாட்டர், உரை மருந்து, வசம்பு, தேன் எதுவும் ஆறு மாதம் வரைக்கும் வாய்க்குள் போகக் கூடாது. தேன் ஒரு வயதுக்கு முன்னால் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து உடம்பையே தளர்த்திவிடும்.

இனி கடைப் பட்டியலில் இல்லாத பகுதி, உங்கள் பணத்தில் பாதி இங்கே போகட்டும். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைக்கும் உதிரப்போக்கு இருக்கும், நீளமான நாப்கின் தாராளமாக வாங்கிவையுங்கள். முன்பக்கம் ஜிப் வைத்த பருத்தி நைட்டி நான்கைந்து. தலைமாட்டில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி, பால் கொடுக்கும்போதுதான் தாகம் எடுக்கும், எழுந்து போக முடியாது. கண்ணைக் கூசாத ஜீரோ வாட் பல்பு. அப்புறம் மாமியார் வீட்டுக் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். கீழே குந்துகிற வகை மட்டும்தான் இருக்கிறது என்றால், அதன் மேல் வைக்கிற கமோடு நாற்காலி ஒன்று இப்போதே வாங்கிவிடுங்கள். சிசேரியனோ தையலோ ஆனால் முதல் வாரத்தில் குந்தி எழுவது எவ்வளவு வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும், குழந்தைக்கு வாங்குகிற எந்தச் சாமானை விடவும் உங்கள் மனைவி இதற்குத்தான் நன்றி சொல்வார். மூன்று மாதம் துணி துவைக்க ஒரு ஆளைச் சம்பளம் பேசி வையுங்கள். மாமியார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள், அவரும் இரவில் தூங்கியிருக்க மாட்டார்.

வார விடுமுறையில் நெல்லைக்குப் போகிற நீங்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது, அதற்கு வேண்டியது நீளமான பருத்தித் துணி மட்டும்தான். குழந்தையை டயப்பரோடு உங்கள் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி மூக்கு தெரிகிற மாதிரி துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்காருங்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர் பற்றாமல் ஆரம்பித்த முறை இது, இன்றைக்கு உலகம் முழுக்க எடை குறைந்த குழந்தைகளைப் பிழைக்கவைக்கிறது. நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்கும் சுகம்தான், அப்பா மார்பிலும் சூடு ஒன்றுதான், அந்த ஒரு மணி நேரம் அம்மா தூங்கிக்கொள்ளலாம். நீங்கள் தூங்கிவிடாமல் மட்டும் இருக்க வேண்டும். பின்னால் கடையில் சுமந்து செல்லும் பை வாங்கினால், குழந்தையின் முழங்கால் அதன் பிட்டத்தை விட உயர்ந்து தவளை மாதிரி கால் விரிந்திருக்கிற வகையாகப் பாருங்கள், கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. நீங்கள் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றீர்கள், உங்களுக்குத் தள்ளுவண்டியை விட இந்தப் பைதான் உதவும்.

நடக்கப் பழக்குகிற சக்கர வாக்கர் யாராவது பரிசாகக் கொடுத்தால் பிரிக்காமல் வைத்துவிடுங்கள். நொடியில் மாடிப்படி வரைக்கும் உருண்டுபோய்விடும், கனடாவில் 2004 இல் அதை விற்பதையே தடைசெய்தார்கள். நம் மர நடைவண்டி வேறு, தானாக எழுந்து நிற்கிற பிள்ளை பிடித்துத் தள்ளுவது, அது ஒரு வயதையொட்டி வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, சென்னைக்கு அழைத்துவருவது. 600 கிலோமீட்டருக்கு மேல், காரில் வேண்டாம், இரவு ரயிலில் வாருங்கள். பேருந்து நிலையம் வழியாக வர நேர்ந்தால் 2015 முதல் பல பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை இருக்கிறது, கேட்டுப் பயன்படுத்துங்கள். எழும்பூரிலிருந்து வீட்டுக்குக் காரில் வருகிற அந்த அரை மணி நேரத்துக்கும் குழந்தை இருக்கை வேண்டும், மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது, வண்டி மோதினால் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பின்சீட்டில், குழந்தையின் முகம் பின்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்ட வேண்டும். காற்றுப்பை இருக்கிற முன்சீட்டில் ஒருபோதும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதமும் உண்டு. இருக்கையில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தர எண்ணும் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். பழையது வாங்காதீர்கள், விபத்தில் சிக்கியதா என்று வெளியே தெரியாது. மொத்தப் பட்டியலில் விலையுயர்ந்த பொருள் இதுவாகத்தான் இருக்கும், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். உங்கள் கார் எந்த மாடல், எந்த வருடம் என்று சொல்லுங்கள், பின்சீட்டில் குழந்தை இருக்கையை நேராக மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா, இல்லை பெல்ட்டால் கட்டுகிற வகை வாங்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.